அப்பாவை மருந்து ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது, பல வருடமாகச் சர்க்கரை. புதிய ஊசி மருந்து ஒன்றுக்கான ஆய்வில் சேர விருப்பமா என்று அவருடைய டாக்டர் கேட்டிருக்கிறார். ‘சோதனை எலி ஆக்கிடுவாங்க’ என்று அண்ணன் சண்டை போடுகிறான். அப்பாவோ ‘எல்லாம் இலவசம்தானே’ என்கிறார். உள்ளே போனால் நிஜத்தில் எப்படி இருக்கும்?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: சென்னை மருத்துவமனை ஒன்றில் மருந்து ஆய்வுகளின் கோஆர்டினேட்டராக நெடுநாள் இருந்தவள் நான். மருந்து வேலை செய்யுமா என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது, அதற்குத்தான் ஆய்வே. ஆனால் உங்கள் அப்பாவை எப்படி நடத்துவார்கள் என்பது ஒப்புதல் படிவம் தரும் நாளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அந்தப் படிவம் பக்கம் பக்கமாக நீளும். தமிழில் தந்து, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னால் நல்ல இடம். இங்கேயே கையெழுத்துப் போடுங்கள் என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். அதில் தொழில், ஆண்டு வருமானம், நாமினி பெயர் எல்லாம் கேட்டிருக்கும். நாமினி என்ற இடம் வந்ததும் பலர் பேனாவை வைத்துவிடுவார்கள். “அப்போ உயிருக்கு ஆபத்தாம்மா?” என்று என்னிடம் கேட்டவர்கள் நிறைய. ஆய்வால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காகச் சட்டம் கேட்கும் விவரம் அது. இதைப் பொறுமையாக விளக்கினால் முகம் தெளியும். விளக்காமல் விட்டால் அந்தப் பயம் கடைசிவரை கூடவே வரும்.

அண்ணனின் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். அவரையும் அழைத்துப்போய் டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள். ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி போடுவார்களா, இப்போதைய மாத்திரைகள் தொடருமா, சர்க்கரை ஏறினால் என்ன செய்வார்கள்? 2019-இல் வந்த விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது. நாட்டில் நடக்கும் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இந்த ஆய்வு இருக்கிறதா என்று பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

இனி யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். ஆட்களைக் களைப்படைய வைப்பது பெரும்பாலும் மருந்தல்ல, அலைச்சல். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் பெரம்பூரிலிருந்து விடியற்காலையில் கிளம்ப வேண்டும். லேப் ஆள் தாமதமாக வந்தால் சர்க்கரை நோயாளிக்குத் தலை சுற்றும். ரத்தம் எடுத்த கையோடு இட்லி வாங்கித் தர ஆள் இருக்கிறதா, ஆட்டோ காசை அன்றே தருவார்களா, ராத்திரி பத்து மணிக்குப் படபடப்பு வந்தால் போனை எடுப்பது யார்? வெட்கப்படாமல் கேளுங்கள். காலி சிரிஞ்சு, அட்டை எதையும் தூக்கி எறியக்கூடாது, டைரியில் தினமும் எழுத வேண்டும். இந்த வேலை வீட்டில் உங்கள் தலையில்தான் விழும்.

நம் ஊருக்கு இதில் பெரிய சரித்திரமே இருக்கிறது. சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் தொடங்கியது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றவர்களைச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் வைத்து ஒரே மருந்தைத் தந்து பார்த்தார்கள். நெரிசலான வீடுகளில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். 1959-இல் வந்த அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது. ஊழியர்கள் வீடு தேடிப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். அந்த அக்கறையும் சேர்ந்துதான் அந்த ஆய்வு நடந்தது என்று நம்புகிறேன்.

என்னை இன்றும் உறுத்துவது ஆய்வு முடிந்த பிறகு நடப்பதுதான். மாதாமாதம் “எப்படி இருக்கீங்கய்யா?” என்று விசாரித்த இடம் கடைசி விசிட்டோடு மௌனமாகிவிடும். எந்த மருந்தைப் போட்டார்கள், முடிவு என்ன ஆயிற்று என்று தெரியாமலே பலர் இருக்கிறார்கள். இது அநியாயம். ஊசி ஒத்துப்போனாலும் பிறகு இலவசமாகத் தொடரும் என்று எண்ணிவிடாதீர்கள். வேறு சிகிச்சை இல்லாத நிலை போன்ற சில நிபந்தனைகளில்தான் விதி அதற்கு இடம் தருகிறது, சர்க்கரைக்கோ வேறு மருந்துகள் இருக்கின்றன. கடைசி ஊசிக்கு மறுநாள் அப்பா எந்த மருந்துக்கு மாறுவார், முடிவை யார் எப்போது சொல்வார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு, படிவத்தின் உங்கள் பிரதியில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.