ஹிட்சுகயா வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி-பதில்

'ப்ளீச்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர் (அனிமே) 2022 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் ஒரு பெயர் அடிக்கடி வருகிறது: ஹிட்சுகயா தோஷிரோ. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைட் குபோ 2001 முதல் 2016 வரை ஜப்பானின் வாராந்திர ஷோனென் ஜம்ப் இதழில் வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, 'ப்ளீச்'. மறுவுலகைக் காக்கும் வாள்வீரர்களுக்கு அதில் பதின்மூன்று படைப்பிரிவுகள். பத்தாம் பிரிவின் கேப்டன்தான் இந்தப் பையன். வெள்ளை முடி, 133 செ.மீ. உயரம், பனியை ஆளும் 'ஹ்யோரின்மரு' என்ற வாள். கேப்டன் பதவிக்கு வந்தவர்களிலேயே இளையவன். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "ஹிட்சுகயா கேப்டன்" என்று திருத்துவான். இந்த மாதம் அவனைப் பற்றிய கடிதங்கள் மட்டும்.

கே: ஹிட்சுகயாவுக்காகத்தான் ப்ளீச் படிக்க ஆசை. 74 பாகமும் வாங்க வசதியில்லை. எதை மட்டும் வாங்கலாம்? (வாசகர், மதுரை)

16ஆம் பாகத்தின் அட்டையில் அவனேதான் நிற்கிறான். ஆனாலும் அதை மட்டும் வாங்காதீர்கள். நடுவில் நுழைந்தால் சிறுவயதுத் தோழி ஹினாமோரிக்காக அவன் ஏன் அப்படிக் கொதிக்கிறான் என்பது புரியாது. விஸ் மீடியாவின் ஆங்கிலப் பதிப்பு மூன்று விதமாக வருகிறது: தனிப் பாகங்கள், மூன்று பாகங்களைச் சேர்த்த தடித்த புத்தகம், பெட்டித் தொகுப்பு. முதல் பெட்டியில் 1 முதல் 21 வரை இருக்கும். சோல் சொசைட்டி என்ற அந்த மறுவுலகில் நடக்கும் கதை அதற்குள் முடிந்துவிடும். மூன்று பாகப் பதிப்பு என்றால் முதல் ஏழு புத்தகங்கள் உங்களுக்கானவை.

கையில் காசு குறைவா? விஸ்ஸின் ஷோனென் ஜம்ப் செயலி இந்தியாவில் கிடைக்கிறது. மாதச் சந்தா கட்டி முழுக்கதையையும் படியுங்கள். அப்புறம் அலமாரியில் இருந்தே ஆக வேண்டும் என்று தோன்றும் பாகத்துக்கு மட்டும் பணம் செலவழியுங்கள்.

கே: புத்தகத்தைத் தலைகீழாக பைண்ட் செய்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் கதை ஆரம்பிக்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார். (ஈரோடு)

மாங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைக்காரர் சொல்வது சரி.

கே: அண்ணா, ஒரு ஆன்லைன் தளத்தில் "100% ஒரிஜினல் ஜப்பான்" என்று போட்டிருந்த ஹிட்சுகயா சிலையை 1,499 ரூபாய்க்கு வாங்கினேன். பகுதிநேர வேலையில் சேர்த்த பணம். முகத்தில் பெயின்ட் வழிந்திருக்கிறது, பனிச் சிறகு ஒன்று வளைந்திருக்கிறது. பெட்டியில் பூனைப் படம் போட்ட டோயி ஸ்டிக்கர் இருப்பதால் அசல்தான், பெட்டியைத் திறந்ததால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள். (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

தம்பி, அந்த ஸ்டிக்கரே உங்கள் சாட்சி. அதைக் கிழித்துவிடாதீர்கள்.

பூனை முத்திரை டோயி அனிமேஷன் நிறுவனத்துடையது. ஒன் பீஸ், டிராகன் பால் போன்ற அவர்கள் படைப்புகளுக்கான பொருட்களில் அது வரும். ப்ளீச் அனிமே எடுத்தது ஸ்டுடியோ பியரோ. அசல் ப்ளீச் பொம்மையின் பெட்டியில் டைட் குபோ, ஷூயிஷா, டிவி டோக்கியோ, டென்ட்சு, பியரோ என்ற பெயர்கள் காப்புரிமைக் குறிப்பாக அச்சாகியிருக்கும். போலி செய்தவர்களுக்கு யார் எதை எடுத்தார்கள் என்பது தெரியவில்லை. எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விளம்பரப் பக்கத்தில் "ஒரிஜினல்" என்று இருக்கும் இடத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்கள். ஸ்டிக்கர், காப்புரிமைக் குறிப்பு இருக்க வேண்டிய இடம், வழிந்த பெயின்ட், பில் எல்லாவற்றையும் படம் எடுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போலியான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. பெட்டியைத் திறக்காமல் போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வாதம் நிற்காது.

மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

எனக்கும் இப்படி ஒரு ஹிட்சுகயா வந்தது. சிறகின் முனை ஒரு அளவு, முதுகில் துளை இன்னொரு அளவு. ஹேர் டிரையரில் சூடாக்கி அழுத்துங்கள் என்று விற்றவர் பதில் போட்டார். பெட்டி திறந்ததிலிருந்து வீடியோ எடுத்து வைத்திருந்ததால் பணம் திரும்ப வந்தது. எல்லோருமே அப்படி ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. விலை குறைவு என்பதால் மட்டும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். பான்பிரஸ்டோ என்ற பெயரில் வரும் சிலைகள் பலவும் ஜப்பானில் கிரேன் விளையாட்டு இயந்திரங்களில் பரிசாக வைப்பதற்காகச் செய்தவை. அசலாகவே மலிவாகக் கிடைக்கும்.

கே: இன்ஸ்டாகிராமில் 74 பாகமும் சேர்த்து 6,000 ரூபாய் என்றார்கள். முகவரி, பில் எதையும் பார்க்காமல் முன்கூட்டியே பணம் அனுப்பினேன். அடுத்த நாள் அந்தக் கணக்கே இல்லை. (கோவை)

ஆறாயிரத்தை எழுபத்து நான்கால் வகுத்துப் பார்த்தீர்களா? ஒரு புத்தகம் 81 ரூபாய். அந்த விலைக்கு அசல் எங்கும் வராது, கள்ளப் பதிப்புகூட வருவது சந்தேகம். கடைக்கு முகவரி இல்லை, பில் இல்லை, பொருள் வந்த பிறகு பணம் தரும் வழியும் இல்லை. இந்த மூன்றையும் பார்க்காமல் பணம் அனுப்பியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதே மாதிரிக் கடிதம் ஒவ்வொரு மாதமும் வருகிறது, ஒவ்வொரு மாதமும் இதையேதான் சொல்கிறேன்.

இருந்தாலும் உங்களைத் திருடியவனை விட்டுவிடக் கூடாது. 1930க்கு உடனே பேசுங்கள். சைபர் குற்றங்களுக்கான எண் அது. சீக்கிரம் சொன்னால் அவன் கணக்கில் பணம் இருக்கும்போதே முடக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் எழுதுங்கள். என்னிடம் எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்திருக்க வேண்டும்.

கே: மாங்கா புத்தக பில்லில் 18% ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா? (சேலம்)

தவறு. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அந்தத் தொகையைத் திரும்பக் கேளுங்கள். புத்தகத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

கே: நடைபாதையில் ப்ளீச் பாகம் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அச்சு கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். கதை ஒன்றுதானே? எதற்கு இரண்டு மூன்று மடங்கு கொடுத்து அசல் வாங்க வேண்டும்? (தஞ்சாவூர்)

கதை ஒன்றுதானே என்ற கேள்விக்கு நான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு நிறைய வருத்தம் உண்டு.

டைட் குபோவின் எந்தப் பக்கத்தையாவது விரித்துப் பாருங்கள். பின்னணி குறைவாக இருக்கும். ஒரு முகம், ஒரு வாள், சுற்றிலும் வெற்றுத் தாள். அதை அவர் யோசித்துத்தான் விட்டிருக்கிறார். ஹிட்சுகயா சண்டைக்கு வரும்போது இது இன்னும் முக்கியம். மாங்கா கறுப்பு வெள்ளை. பனிக்கு அங்கே தனி நிறம் கிடையாது. தாளின் வெள்ளைதான் பனி. ஹ்யோரின்மருவிலிருந்து எழும் டிராகனும் அந்த வெள்ளைதான், அவன் முடியும் அதுதான், கேப்டன் அங்கியும் அதுதான். இவற்றைப் பிரித்துக் காட்டுவது மெல்லிய கோடுகளும், சாயலுக்காக ஒட்டும் புள்ளித் தாளும் மட்டுமே.

கள்ளப் பதிப்பு எப்படித் தயாராகிறது? அசல் புத்தகத்தையோ இணையத்தில் கிடைத்த படத்தையோ ஸ்கேன் செய்து மறுபடி அச்சடிக்கிறார்கள். புள்ளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகின்றன. மெல்லிய கோடுகள் மறைந்துபோகின்றன. தாள் மெலிசு என்பதால் பின்பக்கத்து மை முன்னால் தெரிகிறது: பனிப்புயலுக்கு நடுவே அடுத்த பக்கத்து வசனம் மங்கலாக மிதக்கும். ஓரம் சரியாக வெட்டாததால் பாதி வாக்கியம் முதுகு மடிப்புக்குள் போய்விடும். வாளின் முழுச் சக்தியும் வெளிப்படும் பான்காய் நிலைக்கு அவன் போகும்போது முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு பனி இதழ்கள் மலரும். அவை ஒவ்வொன்றாக உருகுவதை வைத்து அவனுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று வாசகர் கணக்கு வைக்க வேண்டும். என்னிடம் ஒரு வாசகர் காட்டிய கள்ளப் பிரதியில் இதழ்களை எண்ணவே முடியவில்லை, எல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரே கும்பலாக இருந்தது. கதையில் பதற்றம் இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. ப்ளீச் சுமார்தான் என்று என்னிடம் சொன்னார். அவர் ப்ளீச்சைப் பார்க்கவே இல்லை.

ஒரு மனிதர் பதினைந்து வருடம் வாராவாரம் உட்கார்ந்து வரைந்த கதை இது. 150 ரூபாயில் அவருக்கு ஒரு பைசா போகாது. அதோடு, கள்ளப் பதிப்பை விற்காத நேர்மையான கடைக்காரர் இந்த விலையோடு போட்டி போட முடியாமல் மாங்கா அலமாரியையே எடுத்துவிடுகிறார். அப்புறம் அந்த ஊரில் அசல் வேண்டுபவர்களுக்கும் வழி இல்லை. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அசலுக்குப் பணம் இல்லை என்றால் பழைய அசல் வாங்குங்கள். முனை மடங்கிய, மஞ்சளடித்த அசல், புத்தம் புதுக் கள்ளப் பதிப்பைவிட எவ்வளவோ மேல். கடையில் சந்தேகம் வந்தால் பக்கங்களைப் புரட்டி முழுக்கறுப்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள். சாம்பல் அடித்திருந்தால் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று பாகங்களை அடுக்கி முதுகில் எண்களும் முத்திரையும் ஒரே உயரத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். விஸ் புத்தகங்களை இந்தியாவில் விநியோகிப்பது சைமன் அண்ட் ஷூஸ்டர் இந்தியா. எங்கிருந்து வாங்கினீர்கள் என்று கடைக்காரரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

கே: காமிக் கானுக்கு ஹிட்சுகயா வேடம் போட உண்மையான எஃகில் ஹ்யோரின்மரு வாங்கலாமா? (சென்னை)

வேண்டாம். 9 அங்குலத்தைவிட நீளமான வாள், 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் ஆயுதமாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட விழாக்களில் நுழைவாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள். விமானத்தில் கைப்பையிலும் வைக்க முடியாது. மரத்திலோ ஃபோமிலோ வாங்குங்கள். வாங்கும்போது கைக்காப்பைக் கவனியுங்கள்: அது நான்கு முனை நட்சத்திரம், பிடியில் வெளிர்நீல நாடா. வட்டக் கைக்காப்பு போட்டு ஹிட்சுகயா வாள் என்று விற்பவர் வேறு எதையோ கொடுக்கிறார்.

கே: ஹிட்சுகயாவின் கேப்டன் அங்கி ஓடர் செய்தேன். முதுகில் ஐந்தாம் பிரிவு எண் போட்டு அனுப்பிவிட்டார்கள். "சின்ன வித்தியாசம், ஒருவருக்கும் தெரியாது" என்கிறார் கடைக்காரர். (கொழும்பு)

பத்துக்கான எழுத்து கூட்டல் குறி மாதிரி இருக்கும், எவருக்கும் தெரியும். அதைவிட, ஐந்தாம் பிரிவின் கேப்டனாக இருந்தவன் ஐசென். ஹினாமோரியை ஏமாற்றிக் குத்தியவன், ஹிட்சுகயா கொல்லத் துடித்தவன். அவன் எண்ணை இவன் முதுகில் போட்டுவிட்டுச் சின்ன வித்தியாசம் என்று சொல்வதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. மாற்றித் தராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 எண்ணுக்கு அழையுங்கள்.

கே: என் பையனுக்கு ஏழு வயது. பிறந்தநாளுக்கு ஹிட்சுகயா புத்தகமும் பொம்மையும் கேட்கிறான். வாங்கித் தரலாமா? (ஒரு அம்மா, திருச்சி)

புத்தகம் இப்போது வேண்டாம். ப்ளீச் பதின்வயதினருக்கானது என்று பின்னட்டையிலேயே இருக்கும். ரத்தமும் வெட்டும் நிறைய. சேகரிப்புக்கான சிலையும் வேண்டாம்மா. சிறகும் வாளும் கூரானவை, கழன்று விழுபவை. 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் விளையாடும் பொம்மைகளில் ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரியிலிருந்து கட்டாயம். அது இல்லாததை, பெயின்ட் வாசம் அடிப்பதை அவன் கையில் கொடுக்காதீர்கள். வெள்ளைத் துணியில் ஒரு அங்கி தைத்து முதுகில் அந்தக் கூட்டல் குறியைப் போட்டுக் கொடுங்கள். இந்த வயதில் அவனுக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

கே: இறுதிப் போரில் பெரியவனாக மாறும் ஹிட்சுகயா சிலைக்கு முன்பணம் முழுதும் கட்டினேன். சிறுவன் ஹிட்சுகயா வந்திருக்கிறது. "அதே கேரக்டர்தானே" என்கிறார்கள். (பெங்களூர்)

பன்னிரண்டு இதழும் உதிர்ந்து பான்காய் முழுமையடைந்த பிறகு வரும் உருவம் அது. உயரம் வேறு, முகம் வேறு, சிலையின் அச்சும் வேறு. நீங்கள் கேட்ட பொருள் வரவில்லை, அவ்வளவுதான். பணத்தை முழுதாகக் கேளுங்கள். பதிலுக்கு அடுத்த ஆர்டரில் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்பார்கள், வாங்காதீர்கள். இனி முன்பதிவு செய்யும்போது சிலையின் முழுப் பெயரும், தயாரிப்பாளர் பெயரும், அனுப்பும் மாதமும் பில்லில் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள்.