வாசகர் கேள்வி: நல்லாப் பேசினாதான் ஓட்டு விழுமா?

கே: எங்க ஏரியா வேட்பாளர் தங்கமான மனுஷன். ஆனா மேடை ஏறினா பேப்பர்லேர்ந்து தலையே நிமிர மாட்டேங்கிறார், பார்க்கிறப்போ நம்பிக்கையே வரல. பேச்சை வச்சு ஆளை எடை போடுறது தப்புதானே சார்? (வாசகி, திண்டுக்கல்)

ப: தப்போ சரியோ, எல்லாரும் அதைத்தாங்க பண்றோம். பேப்பர் கூட பரவால்ல, தலை நிமிராததுதான் பிரச்சனை. கீழ நிக்கிறவன் இவர் நம்மகிட்ட பேசுறாரா பேப்பர்கிட்ட பேசுறாரான்னுதான் மொதல்ல பார்ப்பான். கலைஞர் அந்தக் கரகரத்த குரல்ல "என் உயிரினும் மேலான"ன்னு இழுத்து ஒரு நொடி நிறுத்துவாரே, அடுத்து "அன்பு உடன்பிறப்புகளே"தான் வரப்போகுதுன்னு கடலை விக்கிற பையனுக்குக்கூட தெரியும், தெரிஞ்சும் விசில் பறக்கும், அதுக்கப்புறம் அவர் பட்ஜெட் கணக்கு சொன்னாலும் நின்னு கேப்பாங்க.

கே: அப்போ அடுக்குமொழி வராதவங்க அரசியலுக்கே வரக்கூடாதா? (வாசகர், நாகர்கோவில்)

ப: காமராஜருக்கு ஏதுங்க அடுக்குமொழி? திண்ணைல உக்காந்து பேசுற மாதிரி "ன்னேன்" போட்டுப் பேசுவார், மனு கொடுத்தா "ஆகட்டும் பார்க்கலாம்", அவ்ளோதான். கேட்டவன் வேலை முடிஞ்ச மாதிரி வீட்டுக்குப் போவான். 1954லேர்ந்து 63 வரைக்கும் முதலமைச்சரா இருந்தவர். அதே ஆள் 1967ல சொந்த ஊர் விருதுநகர்லயே ஒரு மாணவர் தலைவர்கிட்ட தோத்தாரேன்னு கேப்பீங்க. அதுக்குப் பேச்சைக் குத்தம் சொல்ல முடியாது, அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்து அடிச்ச அடி அது.

கே: எம்.ஜி.ஆர் பேசினா பாதி புரியாதுன்னு எங்கப்பா சொல்வார். அப்புறம் எப்படி அவ்ளோ கூட்டம்? (வாசகர், விருத்தாசலம்)

ப: 1967 ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் வீட்ல எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு கழுத்துல பாஞ்சுது, அதோட பழைய குரல் போச்சு. சினிமாக்காரருக்குக் குரல் போனா தொழிலே முடிஞ்சுதுன்னுதான் யாரும் நினைப்பாங்க, இங்க நடந்தது தலைகீழ். கழுத்துல கட்டோட இருந்த போட்டோவைப் போஸ்டரா ஒட்டினாங்க, அடுத்த மாசத் தேர்தல்ல ஓட்டு கேக்கவே போகாம பரங்கிமலைல ஜெயிச்சார். அதுக்கப்புறம் ஒவ்வொரு மேடைலயும் அவர் நாக்கு குழறினப்போ ஜனங்களுக்கு அந்தக் கட்டுதான் ஞாபகம் வந்துது, "ஐயோ, அவ்ளோ பட்டும் நமக்காகப் பேசுறாரே"ன்னு அழுத பொம்பளைங்க எத்தனையோ பேர். எதிர்க்கட்சிக்காரங்க அந்தக் குரலைக் கிண்டல் பண்ணது அவங்களுக்கே நஷ்டமாப் போச்சு. 1984ல இன்னும் மேல, ஆள் அமெரிக்கால புரூக்ளின் ஆஸ்பத்திரில, இங்க அவர் ஆஸ்பத்திரில இருக்கிற வீடியோவை ஊர் ஊராப் போட்டுக் காட்டியே ஆட்சியைத் தக்க வச்சாங்க.

கே: நீங்க மேடைல பேசியிருக்கீங்களா? (வாசகி, கரூர்)

ப: ஒரே ஒரு தடவை, சொந்தக்காரங்க கல்யாணத்துல. நான் "அனைவருக்கும் வணக்கம்"னு ஆரம்பிக்கவும் பின்னாடி யாரோ "பந்தி ரெடி"ன்னு சொல்லவும் சரியா இருந்துது. கடைசி வரைக்கும் இருந்து கேட்டவர் மைக்செட்காரர் மட்டும்தான்.