மேடையில் பேசச் சொல்கிறார்கள், போகலாமா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 26 வயது. தேவிபட்டினம் பக்கம் கடலோரக் கிராமம். கடலுக்குப் போன அப்பா திரும்பாததால் 2010 ஜூனில் அம்மா என்னை ஒரு இல்லத்தில் சேர்த்தார். 2015 கடைசி வரை அங்கேதான் இருந்து படித்தேன். அங்கிருந்த வார்டன் என்னிடமும் வேறு இரண்டு பையன்களிடமும் தவறாக நடந்தார். அடியும் உண்டு. மாதம் ஒருமுறை அம்மா கருவாட்டுக் கூடையோடு அப்படியே பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார். வார்டன் பக்கத்திலேயே நிற்பார், எதுவும் சொல்ல முடியாது. இப்போது ஊர்க் கட்சிக்காரர் ஒருவர் விஷயம் தெரிந்து, "விசாரணைக் கமிஷன் கேட்டு ஆர்ப்பாட்டம் நடத்துறோம், மேடையில வந்து பேசு, அயர்லாந்துல கொடுத்த மாதிரி நஷ்ட ஈடு வாங்கித் தர்றோம்" என்கிறார். போகலாமா? பத்து வருஷம் ஆன பிறகு வழக்கு நிற்குமா? அந்த வார்டன் இப்போது வேறொரு விடுதியில் வேலை பார்ப்பதாகக் கேள்வி.

பதில்: தம்பி, கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அவர் இன்றும் பிள்ளைகள் நடுவில் இருக்கிறார் என்றால் கமிஷனுக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் காத்திருக்க நேரமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்து, அந்த விடுதியின் பெயரையும் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லுங்கள். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எழுத்தில் கொடுங்கள். இதை உங்கள் வழக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது இப்போது அங்கே இருக்கும் பையன்களுக்காக.

அடுத்தது, எல்லாரும் கேட்கிற "பத்து வருஷம் ஆச்சே". மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் கிரிமினல் சட்டத்தில் காலக்கெடு கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் எந்த வயதிலும் புகார் தரலாம் என்று 2018-ல் மத்திய அரசும் தெளிவுபடுத்தியது. ஆனால் உங்கள் காலத்தை ஒரு தேதி இரண்டாக வெட்டுகிறது. போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது 14.11.2012 அன்று. அதற்கு முன்னால் நடந்ததற்கு அந்தச் சட்டம் பாயாது. பழைய தண்டனைச் சட்டத்தில் இயற்கைக்கு மாறான பாலுறவைத் தண்டிக்கும் 377-வது பிரிவைத்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பிரிவு இப்போதைய புதுத் தண்டனைச் சட்டத்தில் இல்லை என்று யாராவது பயமுறுத்துவார்கள். பழைய சட்டம் இருந்த காலத்தில் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான், அதற்கும் காலக்கெடு இல்லை. ஆனால் அந்தப் பிரிவின் அளவுக்குப் போகாத சீண்டல்களுக்கு, அதுவும் பாதிக்கப்பட்டவன் பையன் என்றால், அன்றைய சட்டத்தில் சரியான பதிலே இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆண் பெண் பேதமில்லாமல் போக்சோ வந்தது.

14.11.2012-க்குப் பிறகு நடந்தது வலுவான பகுதி. காப்பகத்தில் வேலை பார்ப்பவரே செய்தால் சட்டம் அதைக் கடுமையான குற்றமாக எடுத்துக்கொள்ளும். வன்புணர்வு வகையாக இருந்தால் அன்றைக்கு இருந்த தண்டனை 10 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரை போகலாம். மற்ற பாலியல் தாக்குதல்களுக்கு 5 முதல் 7 ஆண்டு. 2019 திருத்தத்தில் வந்த 20 ஆண்டும் மரண தண்டனையும் உங்கள் வழக்குக்குப் பொருந்தா. மேடையில் யாராவது "தூக்கு வாங்கித் தருவோம்" என்றால் கைதட்டலுக்காகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் அடியைத் தனி வழக்காக எடுத்தால் கெடு முடிந்துவிட்டது. பெரிய குற்றத்தோடு சேர்ந்தே நடந்திருந்தால் சேர்த்து விசாரிக்க வழி உண்டு, ஆகவே அதையும் மனுவில் எழுதுங்கள்.

ஆகையால் எது எப்போது நடந்தது என்பதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. தேதி ஞாபகம் இருக்காது, யாருக்கும் இருக்காது. நம் கரையில் எல்லாருக்கும் ஞாபகமிருக்கிற நாட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். தங்கச்சிமடத்து மீனவர் ஐந்து பேருக்குக் கொழும்பில் தூக்கு என்று செய்தி வந்தது 2014 அக்டோபர் 30. கலாம் ஐயாவைப் பேக்கரும்பில் அடக்கம் செய்தது 2015 ஜூலை 30. அதற்கு முன்னா பின்னா? எந்த வகுப்பு? மீன்பிடித் தடைக்காலமா? பள்ளி மாற்றுச் சான்றிதழ், இல்லத்தின் சேர்க்கைப் பதிவேடு, பெரியாஸ்பத்திரிச் சீட்டு என்று என்ன கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அம்மா எந்தெந்த மாதம் வந்தார், வார்டன் எங்கே நின்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதுங்கள். அது நல்ல சாட்சியம்.

சரி, மேடை. போகக்கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் புகார் பதிவாகும் முன் போகாதீர்கள் என்பதே என் கண்டிப்பான ஆலோசனை. மைக்கைப் பிடித்ததும் "அஞ்சு வருஷம் தினமும்" என்று வந்துவிடும். கூட்டத்தில் பத்துப் பேர் செல்போனில் எடுப்பார்கள். இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வீடியோவைப் போட்டு, "மனுவில் நாலு சம்பவம், மேடையில் தினமுமா?" என்று ஆரம்பிப்பார். உண்மையான சாட்சி அந்த ஒரு கேள்வியில் தடுமாறுவதை நான் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். உங்கள் பெயரை வெளியிடாமல் காப்பது சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை. நீங்களாக வெளியே சொன்னால் திரும்ப அள்ள முடியாது. மற்ற இரண்டு பேர் பெயரை நீங்கள் மேடையில் சொன்னால் அது குற்றம். வார்டன் பெயரைச் சொன்னால் அவதூறு வழக்கும் வரலாம். அதே பெயரைப் போலீஸ் மனுவில் எழுதுவதற்கு அந்தப் பயமே வேண்டாம்.

கமிஷன் கேட்பது தப்பில்லை. ஆனால் கமிஷன் யாருக்கும் தண்டனை தராது. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. நம் மாவட்டத்துக்கே இது தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் எரிந்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்தார்கள். கமிஷனும் வைத்தார்கள். ஆனால் 2007-ல் காப்பக உரிமையாளருக்கு 7 ஆண்டு சிறை கிடைத்தது தனியாக நடந்த கிரிமினல் வழக்கில். உங்கள் கட்சிக்காரர் சொல்வது வடக்கு அயர்லாந்து என்றால், அந்தக் கதையும் இப்படித்தான். காப்பகக் கொடுமைகளை விசாரித்த குழு 2017 ஜனவரியில் இழப்பீடு தரச் சொன்னது. அந்த மாதமே அங்கே ஆட்சி கவிழ்ந்ததால், அதற்கான சட்டம் வர 2019 நவம்பர் ஆனது. அரசு மன்னிப்புக் கேட்டது 2022-ல்தான். 10 ஆயிரம் பவுண்டிலிருந்து தொகை கொடுத்தார்கள், உண்மை. ஆனால் அதற்கென்று தனிச் சட்டம் போட்டுத்தான் கொடுத்தார்கள். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. உங்கள் கட்சிக்காரர் அதைப் போடச் சொல்லிச் சட்டமன்றத்தில் கேட்கட்டும், நல்ல கோரிக்கைதான்.

கட்சியால் ஆகிற காரியமும் உண்டு. 1992-ல் வாச்சாத்தியில் அதிகாரிகள் செய்த கொடுமைக்கு மார்க்சிஸ்ட் தலைவர் நல்லசிவன் கோர்ட்டுக்குப் போனார், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2011-ல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, 2023-ல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. உங்கள் ஊர்க் கட்சிக்காரரிடமும் அதுபோலக் கேளுங்கள்: இல்லம் பதிவு பெற்றதா என்று எம்.எல்.ஏ. மூலம் கேட்கச் சொல்லுங்கள், மிரட்டல் வந்தால் சாட்சிப் பாதுகாப்புக்கு மனு போடத் துணை நிற்கச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நஷ்ட ஈட்டுக்கும் கமிஷன் வேண்டாம். போக்சோ சிறப்பு நீதிமன்றம் வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடு தர உத்தரவிடலாம். ஆதாரம் போதாமல் வார்டன் விடுதலையானாலும், உங்களுக்குப் பாதிப்பு நேர்ந்தது என்று நீதிமன்றம் கருதினால் தரலாம்.

புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். நீங்கள் சென்னையிலோ திருப்பூரிலோ வேலையில் இருந்தால் அங்கேயே கொடுங்கள், சம்பவ இடத்து ஸ்டேஷனுக்கு அவர்கள் அனுப்ப வேண்டும். "இத்தனை நாள் என்ன பண்ணினே?" என்று கேட்பார்கள். பதிலை மனுவிலேயே எழுதிவிடுங்கள்: சின்ன வயது, அப்பா இல்லை, அந்த இல்லத்தை விட்டால் படிப்பு போய்விடும். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள், ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானத்தைப் பார்த்து இலவசமாக ஏற்பாடு செய்வார்கள்.

மற்ற இரண்டு பேரும் சேர்ந்தால் வழக்குக்குப் பலம்தான். ஆனால் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரே மனுவாக எழுதாதீர்கள். அவரவர் அவரவருக்கு நடந்ததைத் தனித்தனியாக எழுதட்டும். ஒருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, வெளியே தெரிய வேண்டாம் என்றால் அவரை விட்டுவிடுங்கள். எப்.ஐ.ஆர். நகல் இலவசம், கையில் வாங்காமல் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பாதீர்கள்.