கேட்பது ஒன்று, தேவைப்படுவது வேறு

கேள்வி: சிறிய பொது நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பொருள்வாரியாக எண் தரும் டியூயி முறைப்படி நூல்களை அடுக்கிவிட்டோம். கணினிப் பட்டியல் இருக்கிறது. பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து இணையத்திலும் ஏற்றியிருக்கிறோம். ஆனாலும் பலர் வேண்டியது கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள். தனி நிதி எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மேசையிலிருந்தே தொடங்குங்கள். ஒருவர் வந்து "சட்டப் புத்தகம் எங்கே இருக்கு?" என்கிறார். நீங்கள் சட்டத்துக்கான 340 வரிசையைக் கைகாட்டுகிறீர்கள். அவர் தடித்த நூல்கள் இரண்டைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவருக்கு வேண்டியிருந்ததோ, வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் எங்கே முறையிடுவது என்ற ஒரே ஒரு தகவல். நூலகத்தில் என்ன இருக்கும் என்று தாமே ஊகித்து, கேள்வியைப் பொதுவாக்கிக் கேட்பவர்கள்தான் அதிகம். அதனால் கைகாட்டும் முன் "அதில் எதைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்?" என்று கேளுங்கள். "எதுக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள், விசாரணை மாதிரி ஆகிவிடும். நோய், கடன், குடும்ப வழக்கு என்றால் குரலைத் தாழ்த்துங்கள். சற்று நேரம் கழித்து அவர் நிற்கும் இடத்துக்கே போய், தேடியது கிடைத்ததா என்று கேளுங்கள். பல நூலகங்களில் விட்டுப்போவது இந்தக் கடைசிக் கேள்விதான்.

அப்புறம் அடுக்கும் பட்டியலும். மக்களின் பிரச்சினைகள் டியூயி எண்படி வருவதில்லை. சர்க்கரை நோய் பற்றிய மருத்துவ நூல் 616-இல் இருக்கும், நோயாளிக்கான சமையல் நூல் 641-இல் இருக்கும். அடிக்கடி கேட்கப்படும் தலைப்புகளுக்கு எந்தெந்த அலமாரி என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாலே பாதி அலைச்சல் குறையும். பட்டியலில் 'நீரிழிவு' என்று மட்டும் இருந்தால் 'சுகர்' என்று தேடுபவருக்கு எதுவும் வராது. மாற்றுச் சொற்களையும், ஆசிரியர் பெயரின் வெவ்வேறு எழுத்து வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள். எவற்றைச் சேர்ப்பது? நீங்கள் விடை தர முடியாமல் போன கேள்விகளை, கேட்டவர் பெயரில்லாமல், அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தாமே ஒரு பகுப்பு முறையை உருவாக்கிய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன்கூட, 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் வாசகரின் நேரத்தைச் சேமிப்பதை ஒன்றாக வைத்தார்.

ஸ்கேன் செய்த கோப்புகளைத்தான் நீங்கள் உடனே சோதிக்க வேண்டும். ஒரு வரியை மவுஸால் தேர்வு செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது வெறும் படம். கூகுளில் தேடினாலும் அகப்படுவது கடினம், திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்கு உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளும் பெரும்பாலும் மௌனமாக இருக்கும். படத்திலுள்ள எழுத்துகளைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி மென்பொருள் தமிழையும் படிக்கும். பிழைகள் வரும்தான், தலைப்பையும் பொருளடக்கத்தையுமாவது திருத்திவிடுங்கள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளில் இன்னொரு சிக்கல்: திரையில் தமிழாகத் தெரிவது, நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். நூலகக் கணினியில் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, உங்கள் கோப்பு ஒன்றை நீங்களே கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக நூல்களை ஒலி, பிரெயில் போன்ற வடிவங்களுக்கு மாற்ற, 2013-இல் ஏற்கப்பட்ட மராகேஷ் என்ற சர்வதேச உடன்படிக்கை பதிப்புரிமையில் விலக்கு தர வழிசெய்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் அது எப்படி இடம்பெற்றிருக்கிறது, எந்த அமைப்புகளுக்குப் பொருந்தும் என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. மருத்துவத்திலும் சட்டத்திலும் நம் வேலை நம்பகமான மூலத்தைக் காட்டுவதோடு நின்றுவிட வேண்டும். "இந்த மாத்திரையை நிறுத்தலாமா?" என்று கேட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்த இரண்டு பிரிவுகளிலும் காலாவதியான பதிப்புகளை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுக்கு நிறைந்திருப்பது கண்ணுக்கு அழகுதான், ஆனால் பழைய மருந்தளவை ஒருவர் குறித்துக்கொண்டு போனால் ஆபத்து.