கேப்பர் மலைக் கல்லும் நகர்ந்து வந்த நிலமும்

கேள்வி: பாறைகளில் உறைந்த காந்தத்தைக் கொண்டு, இந்தியா ஒரு காலத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்ததாகச் சொல்கிறார்கள். கேப்பர் மலையில் கிடந்த செந்நிறக் கல்லில் என் மகளின் காந்தத்தை வைத்துப் பார்த்தோம், ஒட்டவே இல்லை. பின் எதைத்தான் அளக்கிறார்கள்?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: ஒட்டாததில் வியப்பில்லை. பாறையின் காந்தம் மிகவும் நலிந்தது. நுட்பமான காந்தமானிக்குத்தான் அது பிடிபடும். எரிமலைக் குழம்பு ஆறி, ஏறத்தாழ 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வரும்போது, அதிலுள்ள மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமத் துகள்கள், அன்று அவ்விடத்தில் புவியின் காந்தப்புலம் எத்திசையில் எவ்வளவு சாய்ந்திருந்ததோ அந்தப் போக்கையே ஏற்று, கோடிக்கணக்கான ஆண்டுகள் விடாமல் வைத்திருக்கின்றன.

இதில் சாய்வுதான் முக்கியம். காந்தப்புலம் நிலநடுக்கோட்டில் கிடையாகவும் துருவத்தில் செங்குத்தாகவும் இருக்கும். பல ஆயிரம் ஆண்டுகளின் சராசரியை எடுத்தால், சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட், அட்சரேகையின் டேன்ஜென்ட்டைப் போல் இரு மடங்கு. சாய்வு 45 பாகை என்றால், அந்த நிலம் அன்று நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 27 பாகை தள்ளி இருந்திருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்திய தக்காண எரிமலைப் பாறைகள் இவ்வாறே, தென்னரைக் கோளத்தில் 25 முதல் 30 பாகைக்குள் தாம் உறைந்ததைக் காட்டுகின்றன. இன்றைய மும்பையோ 19 பாகை வடக்கில் இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கிளெக் முதலானோர் 1956-இல் அப்பாறைகளின் அளவீடுகளை வெளியிட்டபோது, கண்டங்கள் நகர்கின்றன என்பதைப் புவியியலாளர் பலர் இன்னும் ஏற்றிருக்கவில்லை.

இதற்காகப் பாறையில் 2.5 செ.மீ. விட்டமுள்ள உருளையைத் துளைத்து, பெயர்த்தெடுக்கும் முன்பே வடதிசையையும் சரிவையும் அதன்மேல் குறித்துக்கொள்வார்கள். குறி தவறினால் அது வெறுங்கல்தான். பிறகு ஆய்வகத்தில் படிப்படியாகச் சூடேற்றி, பிற்காலத்தில் மேலே ஏறிய காந்தத்தை நீக்கி, பழையதை மட்டும் அளப்பார்கள். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: சாய்வு அட்சரேகையைத்தான் தரும்; தீர்க்கரேகையைத் தராது. கிழக்கு மேற்கு நகர்வுக்குக் கடலடிப் பாறைகளின் காந்தப் பட்டைகளைப் போன்ற வேறு சான்றுகளை நாட வேண்டும்.

நீங்கள் எடுத்த கல் இதற்கு உதவாது. தளர்ந்து கிடந்த கல் முதலில் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதன் செந்நிறமோ, மணற்கல் படிந்த பின்னர் மழையிலும் வெயிலிலும் சிதைந்து உண்டான இரும்பு ஆக்சைடு, ஆகவே அது காட்டுவதும் அந்தப் பிற்காலத் திசையைத்தான். மேலும், திருவக்கரையில் கல்மரங்களைத் தாங்கி நிற்கும் இந்தக் கடலூர் மணற்கல் படிவதற்கு வெகு முன்பே, இந்தியா ஆசியாவோடு மோதிவிட்டது.