கானாவின் எண்பத்து மூன்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்ருட்டியில் முந்திரித் தொழிலில் இருக்கிறேன். உள்ளூர்க் கொட்டை போதாததால் கானாவிலிருந்தும் வாங்குகிறோம். அங்கே வெஞ்சி ஊர்ப் பக்கம் இருக்கும் முகவரிடம் தோப்பின் வயதைக் கேட்டால், “எண்பத்து மூன்றுக்கு முன்னால் இதெல்லாம் கோகோ” என்றுதான் ஆரம்பிப்பார். கோகோ பற்றிய உங்கள் கட்டுரையில் ‘1983 வறட்சியில் கானாவின் கோகோ அழிந்தது’ என்று ஒரே வரியோடு கடந்துவிட்டீர்கள். மழை பொய்ப்பது நமக்கும் புதிதில்லை. ஒரு வருட வறட்சியை ஒரு நாடு நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்குமா? நைஜீரியா கானாக்காரர்களை விரட்டியது பழி தீர்க்கவா? கோகோவை ஏன் மறுபடி நடவில்லை?

எஸ்., பண்ருட்டி

அன்புள்ள எஸ்.,

அந்த வரி தவறு. பழியை எல்லாம் மழையின் தலையில் போட்டுவிட்டேன். 1982இல் மழை குறைந்ததும் 1983இல் இன்னும் மோசமானதும் உண்மைதான். ஆனால் வானம் கைவிடுவதற்கு முன்பே அந்த நாட்டில் லாரிக்கு டயர் இல்லை, தோட்டத்தில் களை வெட்ட ஆள் இல்லை, வெட்டுக்கத்தி வாங்கக் கடையில் சரக்கு இல்லை. அதற்குக் காரணம் ஓர் எண்: 2.75.

1978இலிருந்து ஒரு டாலருக்கு 2.75 செடி (cedi, கானாவின் நாணயம்) என்பது அரசு வைத்திருந்த விலை. விலைவாசி பல மடங்கு ஏறியும் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. 1982 வாக்கில் கள்ளச் சந்தையில் ஒரு டாலர் 60 செடிக்கு மேல் போனது. இதை ஒரு கோகோ விவசாயியின் இடத்திலிருந்து பாருங்கள். அரசின் கோகோ வாரியம் ஒரு டன்னுக்கு 12,000 செடி கொடுத்தது. அங்கே ‘லோடு’ என்றால் 30 கிலோ. ஆக ஒரு லோடுக்கு 360 செடி. அரசுக் கணக்கில் அது 131 டாலர், கேட்க ராஜவிலை. ஆனால் அந்த 360 செடியைக் கொண்டுபோய் கடையில் எதை வாங்கினாலும் சரக்கின் விலை கள்ளச் சந்தை டாலரில்தான் இருந்தது. அந்தக் கணக்கில் 30 கிலோ கோகோவின் மதிப்பு 6 டாலர். எல்லை தாண்டி டோகோவுக்கோ ஐவரி கோஸ்டுக்கோ கொண்டுபோனால் எளிதில் மாற்றக்கூடிய அந்நாடுகளின் நாணயமான சிஎஃப்ஏ பிராங்க் கிடைக்கும். கடத்தாமல் இருந்தவர் ஒன்று எல்லையிலிருந்து தூரத்தில் இருந்தார், அல்லது மரத்தையே கவனிக்காமல் விட்டார்.

மறுபக்கம், இறக்குமதி உரிமம் கையில் உள்ளவர் என்ன செய்வார்? 50 டாலர் டயர் ஒன்றை 137.50 செடிக்குத் தருவித்து 3,000 செடிக்கு விற்கலாம். இந்த வியாபாரத்துக்குக் கானாவில் ‘கலாபுலே’ என்று பெயர். இறக்குமதிக்கே டாலர் தீர்ந்தபின் டயரும் நின்றது. 1982இல் உள்நாட்டில் தேங்கிக் கிடந்த கோகோ மூட்டைகளைச் சாலைக்குக் கொண்டுவர பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டுபோய்ச் சுமந்தார்கள். லாரி இருந்திருந்தால் அதற்குத் தேவையே வந்திருக்காது.

இப்படி ஒரு ஊரில் வாலிபன் எதற்கு இருப்பான்? எழுபதுகளில் எண்ணெய்ப் பணம் கொழித்த நைஜீரியாவுக்கு ஆசிரியர்களும் கொத்தனார்களும் விவசாயக் கூலிகளும் பத்து லட்சம் அளவில் போய்விட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு போட்ட ஒப்பந்தப்படி 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம். தொண்ணூறாம் நாளுக்குப் பிறகு அவர்கள் சட்டத்தின் கண்ணில் இல்லாதவர்கள்.

1983 ஜனவரி 17 அன்று, ஆவணம் இல்லாத அயல்நாட்டார் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்று நைஜீரியா அறிவித்தது. தொழில் தேர்ச்சி உள்ளவர்களுக்கு மட்டும் பிப்ரவரி 28 வரை அவகாசம். பழி தீர்த்ததா என்று கேட்கிறீர்கள். 1969 நவம்பரில் கானாவின் பிரதமர் புசியாவின் அரசு இதேபோல் இரண்டு வாரக் கெடு வைத்து நைஜீரியர்களைப் பெருமளவில் வெளியேற்றியது. அந்த வடு, அப்போது நைஜீரியாவின் தலைநகராக இருந்த லாகோஸில் ஆறவில்லை. ஆனாலும் நான் அதை முதல் காரணமாக வைக்க மாட்டேன். எண்ணெய் விலை சரிந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில் தேர்தல். வேலை இல்லாத வாக்காளருக்குக் காட்ட ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். அங்கே இராணுவ ஆட்சி வந்தபிறகு, 1985இலும் இன்னொரு வெளியேற்றம் நடந்தது. பழைய கணக்கு ஒரு முறை தீர்ந்தால் போதாதா?

லாகோஸிலிருந்து கானாவின் தலைநகர் அக்ராவுக்கு ஏறக்குறைய 470 கிலோமீட்டர்தான், பெனின், டோகோ வழியாக. கடத்தலைத் தடுப்பதற்காகக் கானா 1982 செப்டம்பரிலேயே தன் தரைவழி எல்லையை மூடியிருந்தது. கானா கதவைத் திறக்காதவரை இத்தனை பேரும் தன் மண்ணில் தேங்கிவிடுவார்கள் என்று டோகோ மூடியது. டோகோ மூடியதால் பெனினும் மூடியது. கூட்டம் நைஜீரியாவின் செமே எல்லையில் வெயிலில் நின்றது. தன் மக்களே வெளியில் நிற்க, கானா எல்லையைத் திறந்தது ஜனவரி 29. கெடு முடிய இரண்டே நாள். ஜிப் வைத்த, நீலமும் சிவப்பும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் பையை நீங்கள் ரயிலில் பார்த்திருப்பீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பைக்கு இன்றும் ‘கானா மஸ்ட் கோ’ என்றே பெயர். கானாக்காரன் போகத்தான் வேண்டும் என்பது அதன் பொருள். ஒரு துரத்தலின் முழக்கம் பையின் பெயராக நிலைத்துவிட்டது மனதை உறுத்தும் விஷயம்.

அவர்கள் திரும்பி வந்த அதே வாரங்களில்தான் காடு எரிந்துகொண்டிருந்தது. உங்கள் முகவர் சொல்வது இந்தத் தீயைத்தான்.

நவம்பர் முதல் மார்ச் வரை சகாராவிலிருந்து ஹர்மத்தான் என்ற வறண்ட காற்று வீசும். உதடு வெடிக்கும், பலகை பிளக்கும். வழக்கமான வருடத்தில் கோகோத் தோட்டம் இதைத் தாங்கும். தரையெங்கும் உதிர்ந்து கிடக்கும் இலை மெத்தை அடியில் ஈரமாக இருக்கும். அந்த வருடம் மெத்தை அடிவரை காய்ந்துவிட்டது. தீ எங்கிருந்தும் வரலாம்: விதைக்கும் முன் நிலத்தைக் கொளுத்துகிறவர், புல்லெலி வேட்டைக்குப் புதரைக் கொளுத்துகிறவர், தேன் எடுக்கிறவர். கள் இறக்குகிறவர்களும் உண்டு. அங்கே எண்ணெய்ப்பனையை வெட்டிச் சாய்த்து, குருத்தில் குழி தோண்டி, கள் சுரப்பதற்காக அந்தக் குழிக்குள் எரியும் பந்தத்தை வைத்து ஊதுவார்கள். ஒரு பொறி போதும்.

கோகோத் தோட்டத்தில் தீ ஆளுயரத்துக்கு எழுவதில்லை. முழங்காலுக்குக் கீழே, நடந்துபோகிற வேகத்தில் ஊர்ந்து போகும். போனபின் பார்த்தால் உச்சி இலை பச்சையாகவே நிற்கும், தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் கோகோவின் பட்டை மெல்லியது. அடிமரத்தில் கத்தியால் கீறினால் பச்சை தெரிய வேண்டிய இடத்தில் பழுப்பு தெரியும். பட்டைக்கு அடியிலுள்ள உயிர்ப்படலம் வெந்துவிட்டது என்று அர்த்தம். சில வாரங்களில் மரம் முழுவதும் வாடும்.

இதைத் தடுக்கும் வழி விவசாயிகளுக்குத் தெரியாததல்ல. தோட்டத்தைச் சுற்றி இலையைக் கூட்டி, புதரை வெட்டி, மண் தெரிய ஒரு பட்டை விட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், வெட்டுக்கத்தி வேண்டும். ஆள் லாகோஸில் இருந்தான். கவனிப்பாரற்ற தோட்டங்களில் மண்டியது அச்சம்பொங் செடி. எழுபதுகளின் இராணுவ ஆட்சியாளர் அச்சம்பொங்கின் பெயரை மக்கள் அதற்கு வைத்தார்கள். கேரளத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்பதும் இதே செடிதான். காய்ந்துவிட்டால் பற்றிக்கொள்ளத் தயாராக நிற்கும். அறுபதுகளின் நடுவில் 5.5 லட்சம் டன் தாண்டிய கானாவின் கோகோ 1983-84 பருவத்தில் 1.6 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. ஒரே தீயில் விழுந்த அளவல்ல இது. பல வருடமாக 2.75 செய்த சேதத்தின் மேல் தீ வந்து முடித்தது.

சாப்பாட்டுக்கும் இதே கதிதான். மக்காச்சோளம் கருகியது. மரவள்ளி தீக்குத் தாங்கும். தண்டு எரிந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். ஆனால் தோண்டியபின் இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும், டயர் இல்லாத லாரியில் எந்தச் சந்தைக்குப் போகும்? துருவி, சாக்கில் கட்டிக் கல் ஏற்றிச் சில நாள் நீரை வடித்து, சலித்து, அகன்ற சட்டியில் வறுத்து ‘கரி’ (gari) என்ற மரவள்ளி ரவை ஆக்கினால் மாதக்கணக்கில் வரும். தண்ணீர் ஊற்றினால் ஒரு கைப்பிடி மூன்று கைப்பிடியாக ஊறும். பலரைப் பிழைக்க வைத்தது அந்தக் கரிதான். மறுநடவுக்கு இன்னொரு சிக்கல்: மரவள்ளியை விதை போட்டு வளர்ப்பதில்லை, தண்டில் ஒரு சாண் கரணை வெட்டி நட வேண்டும். தண்டு எரிந்த ஊரில் கரணைக்கு எங்கே போவது? பசியில் கழுத்தெலும்பு துருத்தி நின்றதை மக்கள் ‘ராலிங்ஸ் செயின்’ என்றார்கள். 1981 டிசம்பர் 31 அன்று ஆட்சியைப் பிடித்த ஜெர்ரி ராலிங்ஸின் பெயர் அப்படி மக்கள் கழுத்தில் ஏறியது.

வோல்டா ஏரி வறண்டு அகோசொம்போ அணையின் நீர்மட்டம் இயக்கத்துக்குக் குறைந்தபட்சமான 240 அடிக்கும் கீழே இறங்கியது. மின்சாரத்தில் பாதிக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தது தேமாவின் வால்கோ அலுமினிய உருக்காலை. வீட்டுக்குப் போல ஆலைக்கு மணிக்கணக்கில் வெட்டு விட முடியாது. உலைத்தொட்டிக்குள் 950 டிகிரிக்கு மேல் உருகி நிற்கும் குழம்பு, சில மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் உறைந்துவிடும். பிறகு தொட்டியை உடைத்து உள்பூச்சைப் புதிதாகப் போட வேண்டும். எனவே வரிசை வரிசையாக மூடிக்கொண்டே போய், கடைசியில் ஆலை முழுவதும் நின்றது. 1983 ஜூன் 19 அன்று சிறைகளை உடைத்து வெளிவந்த சிப்பாய்கள் வானொலி நிலையத்தைப் பிடித்து ஆட்சி கவிழ்ந்ததாக அறிவித்தார்கள். அன்றே அடக்கப்பட்டார்கள்.

2.75 என்ற அந்த எண்ணைக் கடைசியில் தொட்டது நிதிச் செயலர் குவெசி போச்வே, 1983 ஏப்ரல் பட்ஜெட்டில். புரட்சி பேசி வந்த அரசு பணமதிப்பைக் குறைத்தோம் என்று சொல்ல முடியாது. அதனால் 2.75ஐ அப்படியே வைத்து, ஏற்றுமதியாளருக்கு 750 சதவீத ஊக்கத்தொகை, இறக்குமதியாளருக்கு 990 சதவீதக் கூடுதல் கட்டணம் என்றார்கள். கணக்குப் போட்டால் ஒரு டாலர் 23.38 செடி, 29.98 செடி. அக்டோபரில் சுற்றிவளைப்பை விட்டு நேராக 30 செடி என்று அறிவித்தார்கள். கோகோ விலை டன்னுக்கு 20,000 செடியாக உயர்ந்தது. இந்த முடிவைத் துணிச்சலானது என்றே நினைக்கிறேன். ஆனால் நகரத்துக் கூலிக்காரனுக்கு அது பசியின் உச்சத்தில் வந்த விலையேற்றம், அவன் கோபத்தில் நியாயம் இருந்தது.

உங்கள் கடைசிக் கேள்வி. கோகோக் கன்றுக்கு முதல் சில வருடம் நிழல் வேண்டும். வாழை நட்டு நிழல் தருவார்கள், அதற்கு மேல் காட்டு மரக் குடை. வெஞ்சி இருப்பது காடு முடிந்து புல்வெளி தொடங்கும் ஓரம். அங்கே குடை எரிந்தபின் திரும்பவில்லை, புல் ஏறிவிட்டது. புல் ஏறிய இடத்தில் ஒவ்வொரு ஹர்மத்தானிலும் தீ வரும். காய்க்க மூன்று முதல் ஐந்து வருடம் எடுக்கும் மரத்தை அங்கே எவர் நடுவார்? 1984இல் நல்ல மழை. நாலு மாதத்தில் வரும் சோளத்தையும், கூடவே மரவள்ளியையும் போட்டார்கள், திரும்பி வந்த பிள்ளைகள் கூடமாட நின்றார்கள். ஈரம் மிகுந்த தென்மேற்கு நோக்கிக் கோகோ நகர்ந்தது. வறண்ட மாதங்களைத் தாங்கும் முந்திரி அந்தப் பக்கம் பெருகியது தொண்ணூறுகளுக்குப் பிறகு. ஆகவே உங்கள் முகவரிடம் தோப்பின் வயதைக் கேட்கும்போது, கோகோவுக்கும் முந்திரிக்கும் இடையில் அந்த நிலத்தில் எத்தனை வருடம் சோளம் போட்டார்கள் என்றும் கேளுங்கள். அந்தச் சோள வருடங்கள் மண்ணின் சத்தை எவ்வளவு எடுத்தன என்பது உங்கள் கொட்டையின் எடையிலும் தெரியக்கூடும்.

அன்புடன்