கைத்துப்பாக்கியால் கொல்லப்பட்ட முதல் நாட்டுத் தலைவர் யார்? அதற்கு முன் ஏன் யாரும் அப்படிச் சாகவில்லை?

வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் ஆரஞ்சு இளவரசர் வில்லியம். ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பை எதிர்த்து நெதர்லாந்துக் கிளர்ச்சியை நடத்தியவர். 1584 ஜூலை 10 அன்று டெல்ஃப்ட் நகரில் சுடப்பட்டார். 1563இல் பிரான்சின் கீஸ் கோமகனும் பிஸ்டலால்தான் செத்தார், ஆனால் அவர் படைத்தலைவர். 1570இல் ஸ்காட்லாந்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த மோரே பிரபுவைச் சுட்டது நீளத் துப்பாக்கி, அதுவும் ஜன்னலிலிருந்து.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. துப்பாக்கி ஐரோப்பாவுக்கு அதற்கும் 200 வருடம் முன்பே வந்துவிட்டது. ஆனால் அதைச் சுட எரியும் திரி வேண்டும். திரி புகையும், நாறும், இருட்டில் மினுக்கும். அங்கிக்குள் ஒளித்துவைத்தால் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட கதைதான். அதனால் கொலைகாரர்கள் கத்தியோடு நின்றார்கள்.

இதை மாற்றியது 1500ஐ ஒட்டி வந்த, துப்பாக்கியைப் பற்றவைக்கும் ஒரு புது அமைப்பு. வீட்டில் லைட்டர் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சொரசொரப்பான சிறு சக்கரம் கல்லில் உரசிப் பொறி பறக்கிறது இல்லையா, அதேதான். சாவி கொடுத்து உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை முறுக்கி வைத்தால் போதும். விசையைத் தட்டியதும் சக்கரம் சுழன்று பைரைட் கல்லில் உரசி வெடிமருந்தைப் பற்றவைக்கும். நெருப்பே இல்லாமல், சுடத் தயாராக, உடைக்குள் மறைத்துக்கொண்டு ஒருவரின் பக்கத்தில் போய் நிற்கலாம். புனித ரோமப் பேரரசர் மாக்சிமிலியன் 1517இலேயே இதைத் தடை செய்தார். பலிக்கவில்லை.

வில்லியமின் தலைக்கு பிலிப் 1580இல் 25,000 தங்க கிரவுன் விலை வைத்தார். 1582இல் ஆண்ட்வெர்ப்பில் ஒரு இளைஞன் சுட்டான். மருந்தை அளவுக்கு மீறித் திணித்திருந்ததால் துப்பாக்கி வெடித்து அவன் கட்டைவிரல் போனது. குண்டு வில்லியமின் காதுக்குக் கீழே புகுந்து கன்னம் வழியாக வெளியேறியது. அவர் பிழைத்தார். இரவு பகலாகப் பக்கத்தில் இருந்து கவனித்த மனைவி சார்லட் ஓய்ந்துபோய், அந்த மே மாதமே இறந்துவிட்டார். எனக்கு இந்த வரலாற்றில் அதிகம் வலிப்பது இந்த இடம்.

அப்புறம் 1584இல் வந்தவன் பால்தசார் ஜெரார். புராட்டஸ்டண்ட் மதத்துக்காக உயிர்விட்டவரின் மகன் என்று பொய் சொல்லி உள்ளே வந்தான். நல்ல செருப்பும் துணியும் இல்லாமல் தேவாலயத்துக்கு எப்படிப் போவது என்றான். வில்லியம் இரக்கப்பட்டு 12 கிரவுன் கொடுக்கச் சொன்னார். அந்தக் காசில், அவருடைய காவல் வீரன் ஒருவனிடமிருந்தே பிஸ்டல்கள் வாங்கினான்.

மதியச் சாப்பாடு முடிந்து அவர் மாடிப்படியை நோக்கி வந்தபோது கிட்ட நின்று சுட்டான். நான்கே நாளில் அவனைக் கொடூரமாகக் கொன்றார்கள். பிலிப் அவன் குடும்பத்துக்கு நிலமும் பிரபு பட்டமும் கொடுத்தார்.

பிரின்சென்ஹாஃப் என்ற அந்த வீடு பிற்பாடு அருங்காட்சியகம் ஆனது. சில வருடம் முன்பு நான் போயிருந்தேன். படிக்கட்டுச் சுவரில் குண்டு பட்ட குழிகளைக் கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். படியிலிருந்து சுவருக்குச் சில அடிதான்.